இரண்டு முறை உதித்த சூரியன்

அத்தியாயம் ஏழு

வேல்சாமியின் கயிற்றுக்கடையில் ஒரு சணல் சுருள் மேல் உட்கார்ந்திருந்தாள் தாசம்மாள். மடியில் இரண்டு ஜாதகங்களின் நகல்கள் கிடந்தன. இரண்டும் ஒரே பெண்ணுடையவை, ஒரே கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில் அச்சடித்தவை. ஒன்றில் பெண்ணுக்கு ஒரு தோஷமும் இல்லை. மற்றதில் எட்டாம் இடத்தில் செவ்வாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காலை வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. மூட்டை வண்டிகளும் குடைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. இந்தக் கடைக்குள் மட்டும் ஓர் ஆள் தலையை நீட்டவில்லை. மூன்று வாரம் முன்பு வரை இங்கே கால் வைக்க இடம் இருக்காது என்று வேல்சாமி சொன்னார். இப்போது இடம் தாராளமாக இருந்தது.

நடந்தது இதுதான். தை மாதம் வேல்சாமி தன் மகள் பொன்செல்வியின் ஜாதகத்தை அச்சடித்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தார். பொருத்தம் பார்த்தார்கள், வெற்றிலை மாற்றினார்கள், ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை உச்சிமாகாளிக்கு நகர எல்லையில் இருக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அவன் அப்பா அருமைநாயகம் இதே தெருவில் வெங்காய மொத்த வியாபாரி. ஆனி மாதம் முகூர்த்தம் குறிக்க இன்னொரு பிரதி வேண்டும் என்று உச்சிமாகாளி அதே நிலையத்தில் அச்சடித்து வந்தான். அதில்தான் செவ்வாய் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. அருமைநாயகம் நடுத்தெருவில் நின்று, தோஷத்தை மறைத்துக் கள்ள ஜாதகம் கொடுத்தவன் என்று வேல்சாமியை ஊர் கேட்கச் சொன்னார். இன்று மாலை ஐந்து மணிக்கு வியாபாரிகள் சங்கம் கூடுகிறது. வேல்சாமியைச் சங்கத்தை விட்டு நீக்கச் சொல்லப் போகிறார் அருமைநாயகம்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும் தாயி," என்றார் வேல்சாமி. "முப்பது வருசமா வாய்ச்சொல்லுலதான் எனக்கு லோடு வருது. தூத்துக்குடியில இருந்து ஒருத்தன் என் முகத்தக்கூடப் பாக்காம கயிறு அனுப்புதான். கள்ளன்னு பேர் வந்துட்டா அவன் அனுப்புவானா? நான் கள்ளனா, சொல்லுங்க."

அவர் குரல் உடைந்தது. தாசம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னொரு காலத்தில் போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்தபோது யாராவது அழுதால் அவளுக்கும் கண் கலங்கிவிடும். போன புரட்டாசியில் புருஷன் செல்லத்துரை போனதிலிருந்து அதெல்லாம் நின்றுவிட்டது. கல்லறைத் தோட்டத்தில்கூட அவள் அழவில்லை. தைரியசாலி என்று சபையில் எல்லோரும் மெச்சினார்கள். தைரியம் இல்லை, மரத்துப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். துப்பறியும் தொழிலுக்கு அது வசதியாகவும் இருந்தது. தம்பானூரில் ஒரு மாடி அறை, ஒரு மேஜை, ஓர் உதவியாளன், பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். எந்த வீட்டுக் கண்ணீரும் அவளை நனைக்கவில்லை.

கடையின் பின்பக்கம் பொன்செல்வி கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். அளந்து சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடி அளந்தாள். யாரும் கயிறு கேட்கவில்லை. அந்தக் கண்களைத் தாசம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் காலையில் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற கண்கள்தான்.

"சேச்சி, இதையே பாத்து ஒரு மணிக்கூர் நேரம் ஆச்சு," என்றான் உதவியாளன் யூசுப். திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் பாதி வழியில் மலையாளத்துக்கு இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வரும். "நமக்கு கட்டம் வாசிக்கத் தெரியுமோ? நீங்க சிலுவை வச்ச பள்ளிக்குப் போற ஆளு, நான் தொழுகைப் பள்ளிக்குப் போற ஆளு. செவ்வாய்க்கு நம்ம ரெண்டு பேரையும் அறியவே அறியாது."

"கட்டத்த எல்லாரும் பாத்தாச்சு," என்றாள் தாசம்மாள். "கட்டத்துக்கு மேல இருக்கத எவனாவது பாத்தானா?"

கட்டங்களுக்கு மேல் பொடி எழுத்தில் நான்கைந்து வரிகள் இருந்தன. பிறந்த தேதி, ஆடி மாதம், திதி, நட்சத்திரம், உச்சிவேளைக்குச் சற்று முந்திய பிறந்த நேரம். இரண்டு தாளிலும் எல்லாம் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் ஒத்துப்போகவில்லை. தை மாதத்துத் தாளில் சூரியோதயம் ஆறு பதினொன்று. ஆனி மாதத்துத் தாளில் ஐந்து ஐம்பத்திரண்டு.

யூசுப் இரண்டையும் வாங்கிப் பார்த்தான். "ஒரு பெண் குட்டி பிறந்த சந்தோஷத்தில சூரியன் அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் பாத்திருக்கும்."

"சங்குமுகத்துல நான் ஒம்பது வருசம் ராத்திரி டியூட்டி பாத்தவடே. விடிஞ்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. ஆடி மாசம் இந்த ஊருல ஆறு மணிக்கு முன்னால சூரியன் வந்ததே இல்ல, கேட்டியா." தாசம்மாள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "அண்ணாச்சி, உங்க தாள்ல இருக்கது நம்ம ஊரு சூரியன். மத்தது எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துட்டு வாறேன்."

வேல்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டார். பொன்செல்வி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கோட்டைக்குப் பின்னால் அக்ரஹாரத் தெருவில், வீட்டு முன்னறைதான் ஜாதக நிலையம். ஜோசியர் நாகேஸ்வரன் காசிக்குப் போய் ஒரு மாதமாகிறது. அவர் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். பலன் சொல்வது அவர் வாய், கம்ப்யூட்டரைத் தட்டுவது மனைவி பாகீரதியின் விரல். கணவர் ஊருக்குப் போனால் வாய்தான் போயிருக்கும், கடை நடக்கும்.

பாகீரதி மாமி புதுக் கம்ப்யூட்டருக்குக் காலையில் பூ வைத்திருந்தாள். திரையின் நெற்றியில் குங்குமம் இருந்தது. வந்த காரியத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மிஷின் பொய் சொல்லாது. தையில கொடுத்த தாளைத்தான் யாரோ மாத்தியிருக்கா. இத்தனை வருஷத்துல ஒரு குறை உண்டா, தெருவுல கேட்டுப் பாருங்கோ."

தாசம்மாள் மறுத்துப் பேசவில்லை. தனக்கு ஒரு ஜாதகம் போட்டுத் தரச் சொன்னாள். மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசைப்பலகையின் மேல் குனிந்தாள். திரையைப் பார்க்கவே இல்லை. பெயர் தட்டினாள், என்டர். தேதி, என்டர். நேரம், என்டர். பிறகு இன்னொரு என்டர் தானாக விழுந்தது, நடக்கிறவனுக்கு அடுத்த கால் விழுகிற மாதிரி. அச்சு இயந்திரம் கரகரவென்று பிள்ளையார் படம் போட்ட தாளை வெளியே தள்ளியது.

"மாமி, கடைசியில ஒரு என்டர் தட்டினியளே, அது எதுக்கு?"

"ஊருக்கு."

"எந்த ஊருன்னு நீங்க ஒண்ணும் தட்டலியே."

"எதுக்குத் தட்டணும்? அது எப்பவும் திருவனந்தபுரம்னு தானே வந்து நிக்கும். ஆத்துக்காரர் முதல் நாளே அப்படிப் பண்ணி வச்சுட்டார். இங்க வரவாளெல்லாம் இந்தப் பக்கத்து மனுஷாதானே. நாகர்கோவில், நெய்யாற்றின்கரைன்னா பெரிசா ஒண்ணும் மாறாது."

"எடே யூசுபு, அந்தப் பொட்டியில என்ன ஊரு நிக்குன்னு பாரு."

யூசுப் திரைக்கு நேரே குனிந்தான். "சென்னை," என்றான்.

மாமி நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இத்தனை நாளாகக் கட்டைவிரல் தூரத்தில் நின்றுகொண்டிருந்த எழுத்து, இன்றுதான் அவள் கண்ணில் பட்டது. தாளின் தலைப்பில் முன்பே திருவனந்தபுரம் என்று அச்சாகியிருப்பதால் வாங்கிப்போகிற யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. உள்ளே கணக்கு மட்டும் சென்னையில் நடந்துகொண்டிருந்தது. சென்னையில் சூரியனும் லக்னமும் சற்று முந்திக்கொண்டு வந்துவிடும். பொன்செல்வி பிறந்தது கன்னி லக்னம் முடிகிற தறுவாய். சென்னைக் கணக்கில் அது துலாத்துக்குள் நழுவிவிட்டது. வீடுகளை எண்ணத் தொடங்கும் லக்னம் ஒரு படி நகர்ந்ததும் ஒன்பதாம் இடத்துச் செவ்வாய் எட்டாம் இடமாகிவிட்டது. செவ்வாய் அசையவே இல்லை. வீட்டு எண்தான் மாறியது.

பழைய கம்ப்யூட்டர் எங்கே என்று தாசம்மாள் கேட்டாள். அது அதே அறையின் மூலையில், துண்டு போர்த்தி, மேலே மருதாணிச் செடித் தொட்டி வைத்திருந்தது. சரஸ்வதி பூஜை கண்ட பெட்டியை விற்க மாமிக்கு மனசு வரவில்லை. யூசுப் தொட்டியை இறக்கி வைத்து, திரை வயரை மாற்றிச் செருகி உயிர் கொடுத்தான். பெட்டி இருமிக்கொண்டே விழித்தது. அதே பெயர், அதே தேதி, அதே நேரம், நான்கு என்டர். திருவனந்தபுரம் தானே வந்து நின்றது. சூரியோதயம் ஆறு பதினொன்று என்று தாள் வந்தது.

"அதே ப்ரோகிராம்தான்," என்றாள் மாமி. குரல் இறங்கியிருந்தது. "இதுலேர்ந்துதான் அதுக்கு மாத்தினோம். சித்திரையில. முதல்ல வந்த டிஸ்கெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போயிடுத்து, வித்த கம்பெனியும் மூடிட்டான். அதனால அந்த ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணிப் புதுசுல போட்டாச்சு. ஒரு ஜாதகம் விடாம எல்லாம் வந்துடுத்தே."

தாசம்மாள் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மார்கழியில் அவள் பேரூர்க்கடை வீட்டைக் காலி பண்ணி மணக்காட்டுக்கு வந்தாள். ஒரே லாரியில் சட்டி பானை, கட்டில், செல்லத்துரையின் குடை வரை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இன்றைக்கும் அறைக்குள் நுழைந்தால் கை இடது பக்கச் சுவரில் சுவிட்சைத் தேடுகிறது. புது வீட்டில் அது வலது பக்கம். அங்கே நின்றபடி சற்று நேரம் வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருப்பாள்.

"யூசுபு, நீ கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனவன்தானே?"

"ஆறு மாசக் கோர்ஸ் சேச்சி. ரெண்டு மாசம் போனேன். மிச்சம் நாலு மாசம் கேன்டீன்ல படிச்சேன்."

"சாமானத்த எல்லாம் எடுத்தாச்சு. பழக்கத்த அது எங்கடே வச்சிருக்கும்?"

யூசுப் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு பழைய பெட்டியில் எதையோ திறந்து தேடினான். சீக்கிரமே கண்டுபிடித்தான். ப்ரோகிராம் ஒரு ஃபோல்டரில் இருந்தது. அதன் பழக்கவழக்கமெல்லாம், ஊர் எது, தாள் எது என்பதெல்லாம், விண்டோஸ் என்ற இன்னொரு ஃபோல்டரில் துக்குணி ஃபைல் ஒன்றில் இருந்தது. ப்ரோகிராமை இன்ஸ்டால் பண்ணினால் அது முறையாகத் தன் சாமான்களை அங்கங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அந்தத் துக்குணி ஃபைல் பழைய பெட்டியிலேயே நின்றுவிடும். ப்ரோகிராம் ஓடும், ஆனால் பிறந்த வீட்டுப் புத்திக்குத் திரும்பிவிடும். பிறந்த வீடு சென்னை.

"அடிபொளி," என்றான் யூசுப். "கேஸ் முடிஞ்சு. கள்ளனும் இல்ல, கள்ள ஜாதகமும் இல்ல. ஒரு ஃபைல் பஸ் மிஸ் பண்ணிடுச்சு, அவ்வளவுதான்."

மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சித்திரையிலிருந்து எத்தனை பேருக்கு அச்சடித்துக் கொடுத்தோம், எத்தனை கல்யாணம் முடிந்திருக்கும், எத்தனை நின்றிருக்கும் என்று அவள் உதடுகள் முணுமுணுத்தன. யூசுப் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முடிந்த கல்யாணங்களைத் தொட வேண்டாம் மாமி, அவர்கள் இந்நேரம் சண்டை போடவே ஆரம்பித்திருப்பார்கள் என்றான்.

தாசம்மாள் இன்னும் புறப்படவில்லை. "மாமி, இத யாரு காப்பி பண்ணித் தந்தது?"

"நம்ம உச்சிமாகாளிதான். அருமைநாயகத்தோட பிள்ளை. தங்கமான பையன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பண்ணிக் கொடுத்தான். பால் பாயசம் தவிர வேற ஒண்ணும் வாங்கிக்கல."

யூசுபின் முகத்தில் சிரிப்பு மெல்லக் கழன்றது.

"அவன் காப்பி பண்ணுகப்ப நீங்க கூட இருந்தியளா?"

மாமி அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் தனியாகத்தான் இருந்தான்.

அதற்கு மேல் யூசுபுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காப்பி பண்ணிய ஜாதகங்கள் எல்லாம் தம் பழைய தேதிகளையே சுமந்துகொண்டு வந்திருந்தன. புதுப் பெட்டியில் முதன்முதலாகப் பிறந்த ஜாதகம் எது என்று அவன் பார்த்தான். சித்திரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மாமி கோயிலில் இருந்த நேரம், பொன்செல்வி என்ற பெயரில் இரண்டு ஜாதகங்கள். முதலாவதில் ஊர் சென்னை. அடுத்ததில் திருவனந்தபுரம்.

"சென்னை தானே வரும்," என்றான் யூசுப் மெதுவாக. "திருவனந்தபுரம் தானே வராது சேச்சி. அத ஆள் தேடிப் பிடிச்சுப் போடணும்."

சோதனைக்காகக் கல்யாணப் பெண்ணின் ஜாதகத்தைப் போட்டிருக்கிறான். செவ்வாய் மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறான். ஊரைத் திருத்தி மறுபடி போட்டு, காரணத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கிறான். பிறகு அந்தக் கோளாறை அப்படியே வைத்துவிட்டுப் பாயசம் குடித்திருக்கிறான். இரண்டு மாதம் பொறுத்து, முகூர்த்தத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்று வந்து நின்றிருக்கிறான். மாமி கை தானாக நான்கு என்டர் தட்டியிருக்கிறது.

கழக்கூட்டத்துக்கு யூசுபின் ஸ்கூட்டர் லாரிகளுக்கு நடுவே முனகிக்கொண்டு போனது. மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த தாசம்மாளின் முகத்தில் தண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

ஐ.டி. வளாகத்துக்கு எதிரே ஒரு தட்டுக்கடையில் உச்சிமாகாளி சாயா குடிக்க வந்து நின்றான். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவன் பெயர் 'உச்சி' என்று மொட்டையடிக்கப்பட்டிருந்தது. வெள்ளந்தி முகம், நல்ல பையன் மீசை. தாசம்மாள் தன்னை யார் என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"நீங்க கொண்டுபோன ஜாதகத்துல பொன்செல்வி சென்னையில பிறந்திருக்கா, தம்பி."

அவன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான். "மேடம், அது சாஃப்ட்வேர் ப்ராப்ளம். டெக்னிக்கலா நான் ஒண்ணையும் மாத்தல. காப்பி மட்டும்தான் பண்ணினேன்."

"தெரியும். மாத்தலங்கதுதான் குத்தம். அந்த ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு தடவை ஜாதகம் போட்டியளே, ரெண்டும் அந்தப் பொட்டியிலயே இருக்கு."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. கூட வேலை பார்க்கும் ஷிஜா என்ற பெண், வித்துரா ஊர்க்காரி. இரண்டு வருஷமாகப் பழக்கம். அப்பாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நிச்சயத்தின்போதும் எழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை லக்னம் நகர்ந்ததைப் பார்த்ததும் கடவுளே கதவு திறந்துவிட்டார் என்று நினைத்தான். ஜாதகம் பொருந்தவில்லை என்று இரண்டு வீடும் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டான். அப்பா நடுத்தெருவில் நின்று கத்துவார் என்று நினைக்கவில்லை. கத்தியபோது இவனும் கடைவாசலில்தான் நின்றிருந்தான்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படி மேடம் சொல்றது? இப்பவும் யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகலையே. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

தாசம்மாள் அவனை அடிப்பாள் என்று யூசுப் எதிர்பார்த்தான். போலீஸில் இருந்தபோது அடித்திருப்பாள். இப்போது கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வராதது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"அந்தப் பொண்ணு மூணு வாரமா ஒரே கயித்த முழம் போட்டுக்கிட்டு இருக்கா," என்றாள். "அஞ்சு மணிக்குச் சங்கத்துல நான் சொன்னா அது துப்பறியுதவ சொன்ன கதையாப் போகும். நீங்க சொன்னா முடிஞ்சு போகும். வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

"எங்க அப்பா என்னைக் கொன்னுடுவாரு."

"கொன்னா அந்தக் கேசும் நம்மளே எடுக்கலாம், கேட்டோ," என்றான் யூசுப், சாயாவுக்குச் சில்லறை வைத்தபடி. "பழைய கஸ்டமர் அல்லே. பாத்துச் செய்வோம்."

சங்கத்துக் கூடம் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. ஈரக் குடைகள் மூலையில் குவிந்திருந்தன. அருமைநாயகம் இரண்டு தாள்களையும் தூக்கிப் பிடித்துப் பேசி முடித்தார். பெரிய குரல், பெரிய உடம்பு, சொன்னது அத்தனையும் உண்மை என்று நம்புகிற முகம். வேல்சாமி தலை குனிந்து நின்றார். மாடிப்படி ஓரத்தில், வரச் சொல்லி யாரும் அழைக்காமலே, பொன்செல்வி வந்து நின்றிருந்தாள்.

தாசம்மாள் எழுந்து சூரியனைப் பற்றிச் சொன்னாள். இரண்டு கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னாள். கூட்டத்துக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கம்ப்யூட்டர்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அருமைநாயகம் சிரித்தார். மணி ஐந்தரை ஆகியிருந்தது. யூசுப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உச்சிமாகாளி நனைந்த சட்டையோடு ஏறி வந்தான். கழுத்தில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பொன்செல்வியைத் தாண்டி வரும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வந்தான். கூடத்தின் நடுவில் நின்று, தரையைப் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னான். ஷிஜாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை, ஒரு பெண் என்றான். கடைசியில், "வேல்சாமி மாமா குடுத்ததுதான் சரியான ஜாதகம். அது எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றான்.

அருமைநாயகம் கையிலிருந்த தாள்களை மடித்தார், மறுபடி மடித்தார். பிறகு கூடத்தைக் குறுக்கே கடந்து போய் வேல்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்தார். தப்பு தன்னுடையது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். சொன்ன கையோடு வியாபாரிப் புத்தி விழித்துக்கொண்டது. ஜாதகம் சுத்தம் என்று ஆகிவிட்டது, ஆவணியில் குறித்த முகூர்த்தம் அப்படியே இருக்கட்டும், பையன் சொன்னபடி கேட்பான், அதற்கு நான் ஆச்சு என்றார். கூடம் தலையாட்டியது. வேல்சாமியின் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பொன்செல்வி இரண்டு படி ஏறி உள்ளே வந்தாள்.

"வேண்டாம் மாமா," என்றாள். குரல் உயரவில்லை. "இவரு வேற பொண்ண நெனச்சதுக்காகச் சொல்லல. அது அவரு இஷ்டம். எங்க அப்பாவ நீங்க கள்ளன்னு கத்தும்போது, இல்லைன்னு தெரிஞ்சே பேசாம நின்னாரு பாருங்க. அந்த ஆளு எனக்கு வேண்டாம்."

அவள் இறங்கிப் போனாள். உச்சிமாகாளி அதே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தாசம்மாள் கீழே வந்தபோது கயிற்றுக்கடை வாசலில் மூன்று பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே தேங்காய் நார்க் கொச்சக் கயிறு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சுருள்களுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. சின்ன அழுகை இல்லை. மூன்று வாரத்து அழுகை மொத்தமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. வேல்சாமி பதறிப்போய் உள்ளே ஓடப் பார்த்தார்.

"விடுங்க அண்ணாச்சி," என்று தாசம்மாள் அவர் தோளைப் பிடித்தாள். "அழட்டும். அது நல்லது."

சொல்லிவிட்டு அங்கேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஏதோ அசைந்தது. என்ன என்று பார்த்தாள். பொறாமை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குப் பச்சையாகப் பொறாமையாக இருந்தது.

யூசுப் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். மழை விட்டிருந்தது. "அப்போ மணக்காடு அல்லே சேச்சி? வீட்டில கொண்டு விடட்டா?"

தாசம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சாவிக்கொத்தில் பேரூர்க்கடை வீட்டின் பழைய சாவி இன்னும் கிடந்தது. வீட்டுக்காரர் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்று போன வாரம் யாரோ சொன்னார்கள்.

"பேரூர்க்கடைக்கு விடுடே."

"அங்க என்ன இருக்கு? எல்லாம் எடுத்தாச்சு அல்லே?"

"எடுத்தேன்னுதான் நெனச்சேன். அந்த ஃபைல் மாதிரி ஒண்ணு அங்கயே நின்னுட்டுது போல," என்றாள்.

யூசுப் வண்டியை வடக்கே திருப்பினான்.